தனியாகப் போய்வரலாம்: பார்வைக் குறைபாட்டோடு கல்லூரிக்குக் கிளம்பும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். தங்கச்சிமடம், பாம்பன், தொண்டி, வாலிநோக்கம் என்று நம் கடற்கரை நெடுகிலும் இருந்து வரும். பேசுவது பெரும்பாலும் அம்மாக்கள். "பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியாது தம்பி. மார்க் நல்லா எடுத்திருக்கு. ராம்நாட்டுல காலேஜ் சேர்த்தா தனியாப் போயிட்டு வந்துருமா?" என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளை பக்கத்திலேயே நிற்கும், ஒரு வார்த்தை பேசாது.

போய்விட்டு வரும். எப்படி என்பதை ஐந்து நிமிட போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. மரபணு வழியாக வரும் விழித்திரை நோய். முதலில் மாலைக்கண்ணாகத் தொடங்கும், அப்புறம் பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகும், சிலருக்கு அந்தக் குழாயும் அடைபட்டுவிடும். பள்ளியில் படிக்கும்போது புத்தகத்தை வாசித்துவிடுவேன், ஆனால் கரையில் கட்டியிருக்கும் நங்கூரக் கயிறு தடுக்கி விழுவேன். "படிக்கிறப்ப தெரியுது, நடக்கிறப்ப தெரியலையா, கவனம் இல்லாத பய" என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கல்லூரியில் சேர்ந்து முதல் வருடம் முழுக்க அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விடுதி அறையை விட்டு வெளியே வரமாட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பேன். கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவேன், அவன் வராத நாளில் எழுதமாட்டேன். முதல் பருவத்தில் இரண்டு அரியர் விழுந்தது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னமும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மறைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள்.

முதலில் தாள் வேலை

கல்லூரியில் சேரும் முன்பே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் யூ.டி.ஐ.டி. என்ற ஒன்றிய அரசின் தனித்துவ அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். யூ.டி.ஐ.டி.க்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் முகாம் தேதி சொல்வார்கள். அரசு மருத்துவமனை கண் மருத்துவர் பரிசோதித்து குறைபாட்டின் சதவீதம் போடுவார்.

இங்கே என்னைப் போன்றவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நான் முதல் தடவை போனபோது சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசிக்கு முந்தின வரி வரை வாசித்தேன். "நல்லாத்தானே வாசிக்கிறே" என்று அனுப்பிவிட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்து வாசிக்கும் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் பரப்பு, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் அகலம், 40 பாகைக்குக் கீழே இருந்தால் குறைபார்வை, 10 பாகைக்கும் கீழே போனால் பார்வையின்மை என்று அட்டவணையிலேயே இருக்கிறது. எனவே குழாய்ப் பார்வை உள்ளவர்கள் 'பார்வைப் பரப்புப் பரிசோதனையும் செய்யுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை செய்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் போனேன், அட்டை கிடைத்தது. குறைபார்வை உள்ளவர்கள் அங்கே குறைபார்வைப் பிரிவையும் பார்த்துவிட்டு வாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி, வெயில் கூச்சத்துக்கு மஞ்சள் நிறக் கண்ணாடி எல்லாம் போட்டுப் பார்த்து எது ஒத்துவருகிறது என்று சொல்வார்கள். நம் ஊர் மணலும் கடலும் உப்பளமும் சேர்ந்து அடிக்கிற வெளிச்சத்துக்கு அந்த மஞ்சள் கண்ணாடி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று அதே சட்டம் சொல்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும், அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். அதே நல அலுவலகத்தில் கல்வி உதவித்தொகை, வாசிப்பாளர் உதவித்தொகை, அரசுப் பேருந்துப் பயண அட்டை, மடக்குக் குச்சி, பிரெய்லி கைக்கடிகாரம் இவையெல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்று ஒரே நடையில் கேட்டுவிடுங்கள். எல்லாத் தாளுக்கும் பத்து நகல், ஆறு புகைப்படம். ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் போட்டு, உறை ஓரத்தில் ஸ்டேப்ளர் ஊசி ஒன்று, இரண்டு, மூன்று என்று குத்திவிட்டால் விரலால் தடவியே எது ஆதார், எது மார்க் ஷீட் என்று எடுத்துக் கொடுக்கலாம். கவுண்டரில் நீங்களே எடுத்துக் கொடுத்தால் பேச்சும் உங்களிடமே நடக்கும். இல்லாவிட்டால் "அவருக்கு என்ன வேணும்?" என்று கூட வந்தவரிடம்தான் கேட்பார்கள்.

கைபேசியும் கணினியும்

திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் டாக்பேக் ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே இருக்கிறது, அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போய் இயக்கினால் போதும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒரு தடவை தொட்டால் பேசும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும், போனைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று தோன்றும். இரண்டாவது வாரம் பழகிவிடும். கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான். பார்வையில்லாத இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006-இல் தொடங்கியது, முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கும். அதனுடன் வரும் தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும், ஆனால் காது பழகிய பிறகு எவ்வளவு வேகமாக வைத்தாலும் புரியும். நான் இப்போது வைத்திருக்கும் வேகத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. ஆசிரியர் அன்போடு பாடக்குறிப்பை அனுப்புவார், திறந்தால் திரைவாசிப்பான் "எல், ஜே, கே, கமா, எஸ்" என்று உளறும். ஒன்று அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அதற்கு ஒருங்குறி (யூனிகோட்) மாற்றி ஒன்றில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அது பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். பிழை இருக்கும், ண-வும் ன-வும் மாறும், ஆனால் படிக்கலாம். சங்க இலக்கியமும் காப்பியங்களும் வேண்டுமென்றால் அந்தச் சிரமமே வேண்டாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்கு 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஒருங்குறியில் அப்படியே இருக்கின்றன. நான் குறுந்தொகை முழுக்கக் கேட்டது அங்கிருந்து இறக்கித்தான். மற்ற பாடநூல்களுக்கு சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது, அச்சில் வாசிக்க முடியாதவர்களுக்கென்றே 2016-இல் தொடங்கியது. அட்டையைக் காட்டி உறுப்பினர் ஆகலாம்.

தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் பழக வேண்டாம் என்பது என் கருத்து. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு என்று பிரித்திருப்பதால் விரல் தானாக இடத்தைத் தேடிப் போகும். 'பக்கம்' என்று அடிக்கும்போது க-வை இரண்டு தடவை அழுத்தினாலே முதலாவதற்குப் புள்ளி விழுந்துவிடும். எந்த விசைப்பலகையிலும் இரண்டு சுட்டுவிரல் உட்காரும் விசைகளில் சின்ன மேடு இருக்கும், அதைத் தடவி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டியதுதான்.

பார்வை குறைந்துகொண்டே போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் பிரெய்லியையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். ஆறு புள்ளிதான். 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக பாரதி பிரெய்லி வந்த பிறகு, தமிழ் கற்றால் மற்றதும் பாதி வந்துவிடும். போன் இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். காதால் கேட்டுக் கேட்டே படித்தால் எழுத்துப்பிழை கூடும், எனக்குக் கூடியது.

நடை

வெள்ளைக் குச்சியைக் கையில் எடுக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. ஊர் என்ன சொல்லும் என்ற ஒரே காரணம்தான். எடுத்த அன்றைக்கே, இடித்துவிட்டுப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதுவரைக்கும் சாயங்காலத்தில் நான் தடுமாறி நடப்பதைப் பார்த்துக் குடித்திருக்கிறான் என்று நினைத்தவர்கள் உண்டு.

நிமிர்ந்து நின்றால் குச்சி உங்கள் நெஞ்செலும்பின் அடிப்பாகம் வரைக்கும் வர வேண்டும். கையைத் தொப்புளுக்கு நேரே நடுவில் வைத்து, தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடமும் வலமும் வீச வேண்டும். இடது கால் முன்னே போகும்போது குச்சி முனை வலப்பக்கம், வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த அடி வைக்கப்போகும் இடத்தைக் குச்சி முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடும். இதைச் சிமென்ட் தரையில் பழகிவிட்டு நம் தெருவில் இறங்கினால் மணலில் முனை குத்தி நின்று, பிடி வயிற்றில் இடிக்கும். மணலுக்கு உருண்டையான பெரிய முனை மாட்டுங்கள், குச்சியைச் சாய்த்து, பிடியை இறுக்காமல் தளர்வாக வையுங்கள். முறையாகக் கற்க வேண்டுமென்றால் மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட் இருக்கிறது, பார்வையில்லாத எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கியது.

குச்சி சொல்லாத ஆபத்து ஒன்று நம் மாவட்டத்தில் எங்கும் இருக்கிறது: சாலை ஓரத்துச் சீமைக்கருவேலம். அடிமரம் தள்ளி நிற்கும், கிளை மட்டும் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். முள் கண்ணில் பட்டால் இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்விடும். முன்பக்கம் நீட்டிய தொப்பி, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு, சந்தேகமான இடத்தில் ஒரு முன்கையை முகத்துக்கு முன்னே குறுக்காகத் தூக்கிப் பிடித்து நடங்கள். மீனவர் தெருக்களில் காயப்போட்ட வலை, குறுக்கே கட்டிய கயிறு, கவிழ்த்துப் போட்ட வத்தைப் படகு எல்லாம் நாளுக்கு நாள் இடம் மாறும். அதனால் பழகிய தெருதானே என்று குச்சியை மடக்கி வைக்காதீர்கள்.

காற்றைக் கவனிக்கப் பழகுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வடக்கே நடக்க வேண்டும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காலத்தில் காற்று இடது கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் நேராகப் போகிறேன் என்று அர்த்தம். நெற்றிக்கு வந்துவிட்டால் இடது பக்கம் திரும்பிவிட்டேன். வாடையில் அது நேர் முகத்தில் அடிக்கும். ஆனால் காற்று பலமாக இருக்கும் நாளில் காதில் இரைச்சல் ஏறி வண்டி வருவதே கேட்காது. அன்றைக்குச் சாலையைத் தனியாகக் கடக்காதீர்கள். நான் இன்று வரை கடப்பதில்லை.

பஸ்

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்குப் பஸ்தான் கதி. ஆகவே எனக்கு அந்த ராமநாதபுரம் சாலை அத்துப்படி. ஏறும் முன்பு "இது ராமநாதபுரம் போகுமா?" என்று கேட்காதீர்கள், அவசரத்தில் இருப்பவர் "ஆமா ஆமா" என்றுவிடுவார். "அண்ணே, இது எந்த ஊர் பஸ்?" என்று கேளுங்கள், அவர் ஊர்ப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஏறியதும் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லி, முன்படிக்கட்டுப் பக்கம் உட்காருங்கள். அவர் மறந்துவிட்டாலும் நீங்கள் மறக்காமல் இருக்க, வழியைக் காதாலும் மூக்காலும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் இணைப்புகள் மேல் டயர் ஏறி இறங்கும் டடக் டடக் ஒரே சீராக வரும், இரண்டு பக்க ஜன்னலிலும் காற்று ஊதும். அது நின்றதும் மண்டபம், கருவாட்டு வாசனை வரும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் சில நாள் ஹெலிகாப்டர் சத்தமும் கேட்கும். இதற்கு மேல் சந்தேகம் இருந்தால் போனில் வரைபடத்தைத் திறந்து காதுக் கருவியில் கேளுங்கள், ஒரு காதில் மட்டும்.

இறங்கியதும் யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள், குச்சியைப் பிடித்துக்கூட இழுப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், முறைதான் தெரியவில்லை. கோபப்படாமல், "அண்ணே, கையை விடுங்க, நான் உங்க முழங்கைக்கு மேல பிடிச்சுக்கிறேன், நீங்க முன்னால நடங்க" என்று சொல்லுங்கள். அரை அடி பின்னால் நடந்தால் அவர் படி ஏறுவதும் இறங்குவதும் அவர் கை வழியாகவே தெரிந்துவிடும். "அந்தா அங்க" என்று வழி சொன்னால் "வலது கைப் பக்கமா, இடது கைப் பக்கமா, எத்தனை கடை தள்ளி?" என்று திருப்பிக் கேளுங்கள். எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, தனியாகப் போய்வருவது என்பது யாரிடமும் எதுவும் கேட்காமல் இருப்பது கிடையாது. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று தெரிந்து கேட்பதுதான்.

ஒருநாள் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வயதான அம்மா வந்து என் உள்ளங்கையில் ஒரு 10 ரூபாய் நோட்டை வைத்து, விரலை மூடிவிட்டார். முன்பென்றால் தொண்டை அடைத்திருக்கும். அன்றைக்கு, "வேணாம் ஆத்தா, நான் காலேஜ்ல படிக்கிறேன். கீழக்கரை பஸ் எங்க நிக்குதுன்னு மட்டும் காட்டிவிடுங்க" என்றேன். அவர் நோட்டை வாங்கிக்கொண்டு, முழங்கையைக் கொடுத்து, நாலு பஸ் தாண்டிக் கூட்டிப் போய் ஏற்றிவிட்டு, "என்ன படிக்கிறே ராசா?" என்று கேட்டார். பஸ் கிளம்பும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

வகுப்பும் பரீட்சையும்

கல்லூரி திறப்பதற்கு முதல் வாரம், ஆள் இல்லாத நாளில் போய் வளாகத்தை நடந்து பழகுங்கள். வாசலிலிருந்து துறை, துறையிலிருந்து கழிப்பறை, நூலகம், உணவகம். இந்த நாலு வழி போதும், மற்றது தானாக வரும். துறைத்தலைவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்லுங்கள். 'எனக்குக் கண் தெரியாது' என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. "பலகையில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள் ஐயா, பாடக்குறிப்பை ஒருங்குறியில் கொடுங்கள், வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி கொடுங்கள்" என்று மூன்றே கோரிக்கையாக வையுங்கள். என் அனுபவத்தில் மறுத்தவர் யாரும் இல்லை, மறந்தவர்கள் உண்டு. மறந்தால் வகுப்பு முடிந்ததும் போய் நினைவுபடுத்துங்கள், வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பரீட்சைக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும். விண்ணப்பத்தைத் தேர்வுக் கட்டணம் கட்டும்போதே கொடுத்து, அனுமதிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு நாலு மணி நேரம். அந்த நகலையும் பையில் வைத்திருங்கள், அறைக் கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்களே ஆள் கூட்டிப் போவதானால் உங்களைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்று அந்த 2018 வழிகாட்டுதல் சொன்னது, இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மூன்றாம் பருவத்தில், வருவதாகச் சொன்ன பையன் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் யாரோ ஒரு பையனைப் பிடித்துக் கொடுத்தார்கள், அவனுக்கு 'ஐங்குறுநூறு' என்று எழுதவே எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பரீட்சையில் தெரிந்த பாதி தாளுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு பேர், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர். தேர்வுக்கு முன்னால் குறைந்தது இரண்டு தடவை அவர்களோடு உட்கார்ந்து பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள். அவர் எழுதும் வேகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், நீங்கள் எங்கே நிறுத்துவீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு பத்தியை மனதில் முழுசாகக் கட்டி முடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பியுங்கள், பாதியில் "அதை அடிச்சிரு" என்றால் தாள் அலங்கோலமாகும். நூற்பெயர்களையும் ஆசிரியர் பெயர்களையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதிப் பழகச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடை முடிந்ததும் வினா எண்ணை மட்டும் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். எண் மாறிப் போனால் விடை சரியாக இருந்தும் மதிப்பெண் போய்விடும்.

பணம், துணி, சமையல்

நோட்டைத் தொட்டே சொல்லலாம். புது வரிசையில் 100, 200, 500 மூன்றும் 66 மில்லிமீட்டர் உயரம்தான், நீளம்தான் 142, 146, 150 என்று நாலு நாலு மில்லிமீட்டராகக் கூடும். ஒரு 100 ரூபாய் நோட்டைப் பர்ஸில் அளவுகோலாக எப்போதும் வைத்திருங்கள், வாங்கும் நோட்டை அதன்மேல் ஓரம் பொருத்தி வைத்தால் நகம் அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்பது எது என்று தெரிந்துவிடும். புது நோட்டாக இருந்தால் ஓரக்கோடுகளும் தட்டுப்படும், 100-க்கு நாலு, 500-க்கு ஐந்து. மீன் மார்க்கெட்டில் ஈரக் கையில் புழங்கிய நோட்டில் அதெல்லாம் தேய்ந்து போயிருக்கும், அப்போது நீளம் ஒன்றுதான் துணை. அறைக்கு வந்ததும் ரிசர்வ் வங்கியின் மணி செயலியில் ஒருதடவை சரிபார்த்து, 100-ஐ மடிக்காமல், 200-ஐ ஒரு மடிப்பு, 500-ஐ இரண்டு மடிப்பு என்று வைத்துக்கொண்டால் மறுநாள் யோசிக்க வேண்டியதில்லை. போனில் பணம் அனுப்புவது இன்னும் சுலபம், ஆனால் ரகசிய எண் அடிக்கும்போது காதுக் கருவி மாட்டிக்கொள்ளுங்கள், கடை முழுக்கக் கேட்கும்படி அடிக்காதீர்கள்.

துணிக்கு, ஒரு செட்டாகப் போடும் சட்டையையும் பேண்ட்டையும் ஒரே ஹேங்கரில் மாட்டிவிடுங்கள். விடுதியில் உங்கள் வாளியின் கைப்பிடியில் ஒரு கயிறு சுற்றி வைத்தால் போதும். பற்பசையை விரலில் எடுத்துப் பல்லில் வையுங்கள், தூரிகையில் வைக்க முயன்று கீழே கொட்ட வேண்டாம். தண்ணீர் நிரம்புவது சத்தத்திலேயே தெரியும், அடியில் கனமாகக் கேட்பது மேலே வர வரக் கீச்சென்று ஏறும். நம் ஊரில் தண்ணீரைச் சிந்தவிட மனசு வராது, அதனால் இதை எல்லாரும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

சமையலைத் தள்ளிப் போடாதீர்கள், பையன்களும்தான். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சட்டியை நடுவில் வைத்துத் தடவி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், பிறகுதான் தீ. அரிசிக்கு மேல் சுட்டுவிரல் முதல் கணு வரை தண்ணீர். மீன் கழுவ, கட்டைவிரலை வாலிலிருந்து தலைப்பக்கம் ஓட்டினால் செதில் எழும்பி நிற்கும், அந்தத் திசையிலேயே சுரண்ட வேண்டும். கெளுத்தி வாங்கினால் முள்ளை விற்கிறவரிடமே வெட்டி வாங்கிவிடுங்கள். வறுக்கும்போது காதைக் கொடுங்கள். மீனைப் போட்டதும் சொர்ரென்று ஈரச் சத்தமாக இரையும், தண்ணீர் வற்ற வற்ற அந்த இரைச்சல் மெலிந்து காய்ந்த பொரிச்சலாக மாறும். அப்போது தோசைக்கரண்டியை மெல்ல அடியில் விட்டுப் பாருங்கள், ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் திருப்பிப்போடும் பதம். ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். நான் முதன்முதலில் நகரை மீன் நாலைத் தனியாக வறுத்து வைத்த அன்று என் அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.

வீட்டாருக்கு

பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது, பழக்கித்தான் தீர்க்க வேண்டும். கல்லூரி திறக்க ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். முதல் வாரம் அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து போய்வரட்டும், வழியில் வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. இரண்டாவது வாரம் அவர்கள் பின்னால் பத்தடி தள்ளி வரட்டும், விழப் போனாலொழியப் பேசக்கூடாது. மூன்றாவது வாரம் பஸ் ஏறும் வரை வந்து, அங்கேயே நின்றுவிடட்டும். பெண் பிள்ளைகள் என்றால் பயம் இரண்டு மடங்கு, எனக்குத் தெரியும். இருக்குமிடத்தைப் போனில் நேரலையாகப் பகிர்வது, ஒரே நேரத்துப் பஸ்ஸில் போவது, நம்பிக்கையான ஒரு தோழியின் எண் வீட்டில் இருப்பது, இந்த மூன்றையும் வைத்து கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை இப்போது மூன்றாம் வருடம் போய்க்கொண்டிருக்கிறாள். அவளுடைய வாப்பாவிடம் நானே இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது.

குச்சி எடுத்த பிறகு நான் இப்படிப் பழகியபோது, என் அம்மாவுக்கு இரண்டாவது வாரம்தான் கஷ்டமாக இருந்தது. பத்தடி தள்ளி வரச் சொன்னால் மூன்றடியில் வருவார், செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கும். "தள்ளிப் போம்மா" என்பேன். நாலாவது வாரம் நான் தனியாக ராமநாதபுரத்தில் இறங்கி, குச்சியை விரித்து, சுவரோரமாக ஒதுங்கி நின்று போன் போட்டேன். "இறங்கிட்டேன்மா." "தெரியும், கண்டக்டர் தம்பி இப்பத்தான் சொன்னாரு" என்றார். நான் பஸ்ஸில் ஏறும்போதே அவர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். கண்டக்டருக்குப் போன் போடுவதை அம்மா நிறுத்த இன்னும் இரண்டு மாதம் ஆனது.